பர்சிலாயின் பிள்ளைகள்

காக்ஸ் டவுனில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது போன் எடுக்கவும் வருகிறவர்களை உட்காரவைக்கவும்தான். ஒருநாள் தமிழ் அறிவிப்பு படிக்க வேண்டிய பெண் வரவில்லை. முதலாளி என்னை மைக் முன்னால் நிறுத்தினார். அதன்பிறகு தமிழில் எது வந்தாலும் நான்தான் படித்தேன். தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும் குரல், லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல், கண் பரிசோதனை முகாமுக்கு ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் குரல்.

ஒரு சிறிய கிறிஸ்தவக் குழு வேதாகமம் முழுவதையும் பதிவுசெய்ய எங்களிடம் வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் பார்வை போன முதியவர்களுக்கும் கேட்கக் கொடுப்பதற்காக. சபையைச் சேர்ந்தவர்களே ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். சங்கீதங்களுக்குப் போட்டியே நடந்தது. கடைசியில் யாரும் எடுக்காமல் மிஞ்சியது நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும், அதற்குப் பின்னால் வரும் எஸ்றாவும் நெகேமியாவும். அவற்றில் பெரும்பகுதி பெயர்கள். இன்னாருடைய மகன் இன்னார், அவருடைய மகன் இன்னார் என்று பக்கம் பக்கமாகப் போகும். நாங்கள் பௌத்தர்கள். ஆனால் மிஞ்சியதைப் படிக்கக் கூடத்தில் நான் இருந்தேன்.

உச்சரிப்பைச் சரிபார்க்க ஒருவர் வருவார். இறையியல் கல்லூரியில் எபிரெய மொழி கற்பிப்பவர், கிட்டத்தட்ட என் வயது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, நான் தவறினால் விரலைத் தூக்குவார். கோபப்படவே மாட்டார். ஒரே பெயரை ஏழு முறை சொல்லவைப்பார்.

அதனால் வீட்டில் பழகிப் பார்ப்பேன். அப்போது பொம்மனஹள்ளியில் ஒரு அறையும் சமையலறையுமாக இருந்தோம். கணவர் பொம்மசந்திராவில் ஒரு இரும்புத் தகடு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. காலை ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டபடியே நான் படிப்பதைக் கேட்பார். ஒருநாள் அத்செலெல்போனி என்ற பெயரில் நான் திணறினேன். சகோதரர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, அவர்களின் சகோதரி என்று ஒரு வரியில் வந்துபோகிற பெண். அவரும் சொல்லிப் பார்த்தார், நாக்கு குழறியது. எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

"இவங்கல்லாம் என்ன செஞ்சாங்கன்னு போடலையா?" என்று கேட்டார்.

நான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவர்களுக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

மறுநாள் எபிரெயம் தெரிந்தவரிடம் அதையே கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சனங்கள் இரண்டு மூன்று தலைமுறை கழித்து ஊர் திரும்பினார்களாம். நிலம் யாருக்கு, கோயில் வேலை யாருக்கு என்று முடிவுசெய்ய வேண்டியிருந்ததாம். பட்டியலில் பெயர் இருந்தால் நிலமும் வேலையும் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பக்தர்கள் தாண்டிப் போகிற இந்தப் பக்கங்கள் எழுதியவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினையாக இருந்தன என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்ப மஸ்டர் ரோல்னு சொல்லு" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயர் கிடையாது.

அந்த வேலை முதலில் என் அண்ணனுடையது. ஜீவனஹள்ளியில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து அண்ணன் தினமும் அவ்வளவு தூரம் போய்வந்துகொண்டிருந்தார். பிறகு வாடகைக் கார் ஓட்டப் போனார். அதே சமயம் என் கணவருக்கு வேலை இல்லை. ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் நாற்பதைத் தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்க்க முடியாது என்றார். கணவருக்கு அப்போது நாற்பத்தொன்று. சூப்பர்வைசரே ஒரு வழி சொன்னார். அண்ணனின் அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் அப்படியே இருக்கட்டும். போட்டோவையும் கைரேகையையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்படி இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை.

நாலு வருடம் என் கணவர் அண்ணன் பெயரில் வேலைக்குப் போனார். ஒருமுறை சாவியை மறந்துவிட்டு அவரைத் தேடித் தொழிற்சாலை வாசலுக்குப் போயிருந்தேன். ஷிஃப்ட் விட்டு நூறு பேர் வெளியே வந்தார்கள். நான் அவர் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. பின்னால் வந்த ஒருவர் அண்ணன் பெயரைச் சொல்லி, "யாரோ உன்னத் தேடறாங்க பாரு" என்றதும் சட்டென்று திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

நாளாகமத்தின் ஒன்பது அதிகாரங்களையும் முடித்த வாரத்தில் அது நடந்தது. கிரேன் கொக்கியிலிருந்து இரும்புத் தகட்டுச் சுருள் ஒன்று நழுவி அவர்மேல் விழுந்தது. காலை பதினொரு மணி. எனக்கு யாரும் போன் செய்யவில்லை. அட்டையில் இருந்த எண் அண்ணியுடையது. அண்ணிக்குத்தான் போன் போனது. அவள் கணவன் அடிபட்டுவிட்டான் என்று சொன்னார்கள். அவள் அலறிக்கொண்டு திரும்பினால், அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்ன நடந்திருக்கும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்திருக்கிறது.

அண்ணனும் அண்ணியும் என்னை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பிணவறையில் துணியை விலக்கிக் காட்டினார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரலில் ஒரு அட்டை கட்டியிருந்தது. அதில் பேனாவால் அண்ணனின் பெயர். பக்கத்தில் நின்ற அண்ணனும் அதைப் படித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சூப்பர்வைசர் எங்களை மரத்தடிக்கு அழைத்துப்போய்ப் பேசினார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. செத்தது அண்ணன்தான் என்று எழுதி உடலை வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். இ.எஸ்.ஐ.யிலிருந்து மாதாமாதம் அண்ணி பேரில் பணம் வரும், அதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"உண்மையச் சொன்னா ரெண்டு குடும்பமும் போயிடும் மேடம். இப்படியே விட்டா ரெண்டும் பொழைக்கும்."

நான் அண்ணனைப் பார்த்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். ஒரு ஆளை உயிரோடு செத்தவனாக எழுதினால் லைசென்ஸ், வங்கிக் கணக்கு, ரேஷன், ஓட்டு எல்லாம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கார் ஓட்டித்தான் அவர் வீடு நடந்துகொண்டிருந்தது.

"என் பேர்லயே போகட்டும்மா" என்றார் அண்ணன். "வெறும் பேருதானே. வர்றத அண்ணி அப்படியே உன் கையில குடுத்துடுவா. பாப்பா படிக்கணும் இல்ல."

அந்த நிமிஷம் நான் சரி என்றுதான் தலையாட்டினேன். இதை எழுதும்போது மறைக்க விரும்பவில்லை. எனக்கும் மகளின் படிப்புதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

காவல் நிலையத்திலிருந்து வந்த ரைட்டர் ஒரு மேசையில் படிவங்களைப் பரப்பி வைத்துக் கன்னடத்தில் கேட்டுக் கேட்டு எழுதினார். இறந்தவர் பெயர், தகப்பன் பெயர். என் அப்பாவின் பெயரைச் சூப்பர்வைசரே சொன்னார். மனைவி பெயர் என்றதும் அண்ணி தன் பெயரைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாட்சிக் கையெழுத்துக்காக ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். செத்தவருக்கு நீ என்ன வேண்டும் என்று கேட்டார்.

'தங்கி' என்று சொல்ல வேண்டும். தங்கை. கன்னடத்திலும் சின்ன வார்த்தைதான். அவர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஹெண்டதி" என்றேன். மனைவி.

ரைட்டர் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு பெண்டாட்டியா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது என் அண்ணன் பெயர், அவர் இதோ நிற்கிறார், உள்ளே படுத்திருப்பது என் வீட்டுக்காரர், அவருடைய பெயர் வேறு என்று. நிறுத்தாமல் சொன்னேன். சூப்பர்வைசர் எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது மரத்தடி காலியாக இருந்தது.

உடலைக் கொடுக்க மேலும் இரண்டு நாள் ஆனது. ஆதார் அட்டை, கல்யாண போட்டோ, வாடகை வீட்டு உரிமையாளரின் வாக்குமூலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அண்ணனை நிலையத்தில் உட்காரவைத்து, அட்டையை எதற்குக் கொடுத்தாய் என்று கேட்டார்கள். பிறகும் பலமுறை கூப்பிட்டார்கள். வழக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் கார் கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. தொழிற்சாலையிலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இரண்டே வரி. இந்தப் பெயரில் எங்களிடம் ஒருவரும் வேலை செய்ததில்லை. கைரேகை இருக்குமே என்று தொழிலாளர் சங்கத்து வழக்கறிஞர் கேட்டுப் பார்த்தார். இயந்திரத்தை மாற்றிவிட்டார்களாம், பழைய பதிவு எதுவும் இல்லையாம்.

பதினாறாம் நாள் ஜீவனஹள்ளிக்குப் போனேன். அண்ணன் உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. அண்ணி வாசலிலேயே நின்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒரே ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா போதும். அவரு உனக்காகச் சாகறதுக்கே ஒத்துக்கிட்டாரு. நீ அவரப் பொழைக்கவும் விடல."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நான் திரும்பி வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். எனக்கு வைத்திருந்த பக்கங்களை வேறு யாருக்கும் கொடுக்காமல் முதலாளி காத்திருந்தார். எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தில் ஊர் திரும்பியவர்களின் பட்டியல் வருகிறது. அந்த வம்சத்தார் இத்தனை பேர், இந்த ஊரார் இத்தனை பேர் என்று வரிசையாகப் போகும். அதைப் படிப்பது எனக்கு அப்போது வசதியாகவே இருந்தது. அழுகை வரவைக்க அதில் ஒன்றும் இல்லை. யாரோ ஆட்கள், என்றைக்கோ திரும்பி வந்தவர்கள்.

பட்டியலின் கடைசிப் பக்கம் வந்தது. பதிவேட்டில் தங்கள் வம்சத்தைத் தேடியும் கிடைக்காமல் கோயிலின் ஆசாரிய வேலையிலிருந்து விலக்கப்பட்ட மூன்று குடும்பங்களின் பெயர்கள் அதில் இருந்தன. மூன்றாவது, பர்சிலாயின் பிள்ளைகள். பர்சிலாய் என்பது அந்த மனிதனின் பெயரே இல்லை. மனைவியின் வீட்டாருடைய பெயர். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்து, அவர்கள் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டவன். அதனால் அவன் பிள்ளைகளுக்குப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

அந்த வரியைப் படித்து முடித்தேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எபிரெய ஆசிரியர் விரலைத் தூக்கவில்லை. தவறு ஏதும் இல்லை, நான் நின்றிருந்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவருக்கு என் கணவர் இறந்தது தெரியும். எந்தப் பெயரில் இறந்தார் என்பது தெரியாது.

"தண்ணி குடிங்க சிஸ்டர். நாளைக்குக்கூடப் பாத்துக்கலாம்."

நான் வேறு கேட்டேன். "இவரோட சொந்தப் பேரு என்ன?"

"எங்கயும் இல்ல. பொண்டாட்டி வீட்டுப் பேரு மட்டும்தான் இருக்கு."

"அந்தப் பிள்ளைங்க என்ன ஆனாங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவசரப்படாமல் யோசித்துச் சொன்னார். மூன்று குடும்பங்களில் கோஸ் என்பவரின் வம்சத்தான் ஒருவன், பிற்பாடு எருசலேமின் மதிலைக் கட்டியவர்களின் பட்டியலில் வருகிறான். ஆகவே அந்தக் குடும்பத்துக்கு எப்படியோ அத்தாட்சி கிடைத்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தேவனிடம் கேட்டுச் சொல்லக்கூடிய ஒரு ஆசாரியன் வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"வந்தாரா?"

"வந்ததா எழுதல சிஸ்டர். பர்சிலாய் பிள்ளைங்களப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தகூட இல்ல."

அந்தப் பெயருக்கு அர்த்தம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். மற்றப் பெயர்களுக்கெல்லாம் அவர் சொல்லியிருக்கிறார். துக்கத்தில் பிறந்தவன், பிரிவினைக் காலத்தில் பிறந்தவன் என்று ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு வீட்டின் கதை இருக்கும்.

"இரும்பு" என்றார். "இரும்பானவன்னு சொல்லலாம்."

என் கணவர்மேல் விழுந்தது என்ன என்பதையும் அவர் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அன்றைக்கே அதிகாரத்தை முடித்தேன். அதே பட்டியல் நெகேமியாவில் இன்னொருமுறை வருகிறது, அதே மூன்று குடும்பங்களோடு. அதை ஒரு மாதம் கழித்து நிற்காமல் படித்தேன். ஆனால் முதல் பதிவில் அந்த வரிக்குப் பின்னால் இருந்த நீண்ட இடைவெளியை ஒலிப்பதிவாளர் வெட்டிவிட்டார். வெட்டத்தான் வேண்டும். கேட்கிறவர்கள் கருவி நின்றுவிட்டதோ என்று நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பட்டியல்களை வேறு விதமாகப் பார்த்தேன் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறுதலும் வரவில்லை. பேர் இல்லாமல் போனவனைப் பற்றி, பேர் இல்லாமல் போனான் என்றாவது யாரோ எழுதிவைத்திருக்கிறார்களே என்று மட்டும் தோன்றியது. அதே நேரத்தில், எழுதியதால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடாவது கிடைத்திருக்குமா என்றும் தோன்றியது. இரண்டும் மாறி மாறி வரும். எது சரி என்று இன்றும் தெரியாது.

கணவரின் இறப்புச் சான்றிதழ் எட்டு மாதம் கழித்து அவர் பெயரிலேயே வந்தது. அதற்காக நான் கொடுத்த விலையில் பெரும்பகுதி அண்ணனுடையது. தொழிலாளர் நீதிமன்ற வழக்கு இன்னும் முடியவில்லை. மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள். பள்ளிப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் தொழிற்சாலையின் பெயரை எழுதுகிறாள். நான் தடுப்பதில்லை.

மூன்று வருடமாக அண்ணன் என்னிடம் பேசவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாகவே பொம்மனஹள்ளி வீட்டுக்கு வந்தார். நிறைய நரைத்திருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, மகள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறதாம். பி.எஃப். கணக்கைச் சேர்க்கப் போனபோது முடியாது என்று வந்திருக்கிறது. பழைய தொழிற்சாலைக் கணக்கு மூடப்பட்டிருக்கிறது, காரணம் மரணம் என்று. விபத்து நடந்த அன்றைக்கே, நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அதைப் பதிந்துவிட்டிருக்கிறார்கள். நான் ரைட்டரிடம் உண்மையைச் சொன்ன பிறகும் அந்தப் பதிவை யாரும் திருத்தவில்லை.

"நீ வந்து சொல்லணும்" என்றார் அண்ணன். "செத்தது யாருன்னு."

மறுநாள் இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார். உயிரோடு இருப்பவர் தான் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க இன்னின்ன தாள்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். செத்தவர் வேறு ஆள் என்று காட்ட என் கணவரின் சான்றிதழைக் கேட்டார். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. என் கணவரின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர் எல்லாவற்றையும் உதட்டசைத்துப் படித்தார். நகல் எடுத்துக்கொண்டு அடுத்த திங்கள் வரச் சொன்னார்கள்.

வெளியே பேக்கரியில் டீ குடித்தோம். அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என் பேரச் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு மச்சான் எப்பவாவது வருத்தப்பட்டாரா?"

"ஒரு நாளும் சொன்னதில்ல" என்றேன். அது உண்மைதான். அவர் சொன்னதில்லை.

அண்ணன் ஜீவனஹள்ளி பஸ்ஸில் ஏறினார், நான் என் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தபோதுதான் சான்றிதழ் இல்லை என்று தெரிந்தது. பதறிப்போய் அண்ணனுக்குப் போன் செய்தேன். தன்னிடம்தான் இருக்கிறது என்றார்.

"வந்து வாங்கிக்கிறேன்" என்றேன்.

"வேணாம்மா. இது முடியற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

நான் சரி என்றேன்.